உலோக-கரிமச் சட்டகங்களின் தொடக்கம்

உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்து, உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் அமையுமாறு கட்டப்படும் படிகங்களே உலோக-கரிமச் சட்டகங்கள். 1974இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில், மாணவர்களுக்கான மூலக்கூறு மாதிரிகளுக்காக மரப்பந்துகளில் துளையிட வேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுத்த ரிச்சர்டு ராப்சன், அத்துளைகளின் இடமே முழு வடிவத்தையும் தீர்மானித்துவிடுவதைக் கண்டார். அக்கருத்தை மெய்யான அணுக்களில் சோதித்து, செம்பு அயனிகளும் நான்கு கைகள் கொண்ட கரிம மூலக்கூறுகளும் வைரத்தை ஒத்து அடுக்கப்பட்ட படிகத்தை 1989இல் வெளியிட்டார். அது எளிதில் சிதைந்தது. 1997இல் ஜப்பானின் சுசுமு கிடகாவா வாயுக்களை உள்வாங்கி வெளிவிடும் சட்டகத்தை உருவாக்கினார்; எனினும், 1999இல் ஓமர் யாகி துத்தநாகத்தையும் டெரெப்தாலிக் அமிலத்தையும் கொண்டு ஆக்கிய எம்.ஓ.எஃப்-5, 300 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் உருக்குலையாமல் நின்றதே இத்துறையின் உண்மையான திருப்புமுனையாகும். மூவருக்கும் 2025இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.