சோளமும் சித்தமும்: தக்காணத்தில் பெல்லாக்ரா நோயின் வரலாறு

தமிழ் வழக்கில் வயிறு என்பது செரிமான உறுப்பாக மட்டும் நிற்பதில்லை. அச்சம் வந்தால் வயிறு கலங்குகிறது. பொறாமை வந்தால் எரிகிறது. நல்ல செய்தி கேட்டால் குளிர்கிறது. இழப்புற்றோர் வயிற்றில் அடித்துக்கொண்டு அழுகின்றனர். இலக்கியத்திலும் இத்தொடர்பு இருவேறு நிலைகளிற் பதிவாகியுள்ளது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம், முன் உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்பதைப் பெரிதும் வலியுறுத்துகிறது. மணிமேகலையோ பசியையே பிணி என்று கொண்டு, அது குடிப்பெருமையையும் கல்வியையும் நாணத்தையும் அழிக்கும் எனக் கூறுகிறது. முன்னது உணவு உடையாரை நோக்கியது. பின்னது உணவு இல்லாரைப் பற்றியது. உணவுக்கும் குடலுக்கும் மனத்துக்கும் உள்ள உறவை இன்று பேசுவோர் பலர் முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றனர். எதை உண்ணலாம், எதைத் தவிர்க்கலாம் என்ற தேர்வு எல்லோர்க்கும் உண்டு என்பது அவர்தம் எண்ணம். அத்தேர்வு இல்லாதாரிடத்து இவ்வுறவு எவ்வாறு வெளிப்பட்டது என்பதைத் தக்காணப் பீடபூமியில் காணப்பட்ட பெல்லாக்ரா என்னும் நோயின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

பெல்லாக்ரா தோல், குடல், மூளை ஆகிய மூன்றையும் ஒருங்கே தாக்கும் நோய். வெயில் படும் இடங்களான கழுத்து, புறங்கை, கால் ஆகியவற்றில் தோல் கருத்துத் தடித்து உரிகிறது. கழுத்தைச் சுற்றி அது அணிகலன் போன்று வளையமிடுவதும் உண்டு. நாக்கு சிவந்து புண்ணாகிறது, வாய் எரிகிறது, பசி குன்றி வயிற்றுப்போக்கு தொடர்கிறது. மனத்தளவில் உறக்கமின்மை, எரிச்சல், காரணமற்ற அச்சம், சோர்வு என்று தொடங்கி, முற்றிய நிலையில் குழப்பமும் மருட்சியுமாக முடிகிறது.

நியாசின் என்னும் உயிர்ச்சத்தின் குறைபாடே இதற்கு அடிப்படை. உணவிலுள்ள ஆற்றலை உயிரணுக்கள் பயன்படுத்துவதற்கு இச்சத்து இன்றியமையாதது. ஆகவே இடையறாது ஆற்றல் வேண்டும் மூளையும், சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் குடலின் உட்படலமும் முதலில் பாதிக்கப்படுவது இயல்பே. குடல் பழுதுற்றால் உண்ட சிறிதளவு சத்தும் உடலிற் சேராது. சேராமையால் குடல் மேலும் பழுதுறும். உடல் இச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்ள மற்றொரு வழியும் உண்டு. புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம் ஏறத்தாழ 60 மில்லிகிராம் இருப்பின், அதிலிருந்து 1 மில்லிகிராம் நியாசின் கிடைக்கும். மனநிலையோடு தொடர்புடையதாகப் பேசப்படும் செரட்டோனின் என்னும் பொருளும் இதே டிரிப்டோஃபானிலிருந்தே உண்டாகிறது. எனவே வறிய உணவில் ஒரே மூலப்பொருளுக்கு இரு தேவைகள் போட்டியிடுகின்றன எனலாம்.

மக்காச்சோளத்தின் பழி

இந்நோயை முதலில் விவரித்தவர் எசுப்பானியாவின் அஸ்தூரியாஸ் பகுதியில் மருத்துவராயிருந்த காஸ்பர் காசல். 1735இல் அவர் கண்டெழுதியவை அவர் மறைவுக்குப் பின் 1762இல் நூலாயின. 1771இல் இத்தாலியரான ஃபிராப்போலி, மிலான் பகுதி உழவரின் வழக்கிலிருந்து பெல்லாக்ரா என்ற பெயரை எடுத்தாண்டார். கரடான தோல் என்பது அதன் பொருள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மக்காச்சோளம் ஏழை உழவரின் ஒரே உணவாக மாறிய இடங்களிலெல்லாம் இந்நோய் அதனைத் தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இத்தாலியின் மனநோயர் காப்பகங்களில் பெல்லாக்ரா நோயாளிகள் பெருந்தொகையினராக அடைக்கப்பட்டிருந்தனர். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துப் பயன்படுத்திய மெக்சிக்கோ மக்களிடையே இந்நோய் பரவவில்லை. அத்தானியத்தில் பிணைப்புண்டு கிடக்கும் நியாசினைச் சுண்ணாம்பு விடுவிக்கிறது என்பது பிற்காலத்தில் விளங்கிய உண்மை. தானியம் கடல் கடந்தது. அதைச் சமைக்கும் அறிவு உடன் செல்லவில்லை.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் பரவியபோது, தொற்றுநோய் என்று சிலரும் பரம்பரைக் குறை என்று சிலரும் வாதிட்டனர். 1914இல் இவ்வாய்வை ஏற்ற ஜோசப் கோல்ட்பெர்கர், மனநோயர் காப்பகங்களில் உள்ளோர்க்கு நோய் வருவதையும் அவர்களோடு பழகும் பணியாளர்க்கு வராமையையும் கண்டு, வேறுபாடு உணவிலேயே உள்ளது எனத் துணிந்தார். அநாதை இல்லங்களில் பால், முட்டை, இறைச்சி, பயறு ஆகியவற்றைச் சேர்த்து நோயைத் தடுத்தார். 1915இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணை ஒன்றில், விடுதலை உறுதியளிக்கப்பட்டுச் சோதனைக்கு முன்வந்த கைதிகளிடம் வறிய உணவாலேயே நோயைத் தோற்றுவித்தும் காட்டினார். இச்சோதனையின் அறம் இன்று ஏற்கத்தக்கதன்று. 1937இல் எல்வெஜெம் என்பார் நாய்களுக்கு வரும் ‘கருநாக்கு’ நோயை நிகோடினிக் அமிலம், அதாவது நியாசின், தீர்ப்பதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே பெல்லாக்ரா நோயாளிகளின் மனக்குழப்பமும் அதனால் விரைவில் நீங்குவது வெளியிடப்பட்டது. பித்தர் எனப் பூட்டிவைக்கப்பட்டோரில் ஒரு பகுதியினர் சத்துக்குறையால் வாடியோர் என்பது அவ்வகையிற் புலனாயிற்று.

குன்னூர்

இந்தியாவில் உணவுக்கும் குடலுக்கும் உள்ள உறவு முறையாக ஆராயப்பட்டது நீலகிரி மலையிலுள்ள குன்னூரில். 1918இல் ராபர்ட் மெக்கரிசன் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். சத்து நீங்கிய உணவை உண்ட குரங்குகளுக்குக் குடற்படலம் நலிந்து கழிச்சல் நோய்கள் வருவதை அவர் கண்டார். 1921இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஆற்றிய உரையில், இமயமலைப் பகுதி மக்களிடையே தாம் பணியாற்றிய ஆண்டுகளை நினைவுகூர்ந்தார். கவலையும் களைப்பும் அம்மக்களின் வயிற்றைத் தாக்குவதில்லை என்றும், பசியால் மட்டுமே அவர்கள் தம் வயிற்றை உணர்கின்றனர் என்றும் அவர் கூறினார். இக்கருத்தைப் பின்வந்தோர் ஹுன்சா மக்களின் நெடுவாழ்வு பற்றிய புராணமாகவே வளர்த்துவிட்டனர். ஆயினும் வயிறும் மனக்கவலையும் உணவின் வழி இணைகின்றன என்ற வினாவை அவர் எழுப்பியமை ஈண்டு நோக்கத்தக்கது.

அவரது எலிச் சோதனைகள் பெரிதும் அறியப்பட்டவை. இந்தியாவின் பல்வேறு மக்களின் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்தபோது, சீக்கியர் உணவை உண்டவை சராசரி 235 கிராம் எடையும், சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை 155 கிராம் எடையும் பெற்றன. மற்றொரு சோதனையில் ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உணவைப் போன்றதும், இன்னொன்றுக்கு வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரையிட்ட தேநீர், டப்பா இறைச்சி முதலான இங்கிலாந்து ஏழையின் உணவும் தரப்பட்டன. முதற்கூட்டம் அமைதியாக வாழ்ந்தது. இரண்டாவது கூட்டமோ நடுக்கமும் சீற்றமும் கொண்டு பணியாளரைக் கடித்தது. ஈற்றில் தம்முள் வலுவற்றவற்றைக் கொன்று தின்னவும் தலைப்பட்டது. எலியின் சீற்றத்தைக்கொண்டு மனிதரின் மனத்தை அளத்தல் பொருந்தாது. எனினும் உண்ணும் உணவு நடத்தையை மாற்றும் என்பதற்கு ஆய்வகச் சான்று ஒன்று இந்திய மண்ணிலேயே கிடைத்தது.

மெக்கரிசனுக்குப் பின் 1935இல் இயக்குநரான ஏக்ராய்டு, அதற்கு முன் ருமேனிய நாட்டு உழவரிடையே பெல்லாக்ராவை ஆராய்ந்தவர். அவரும் எம். சுவாமிநாதனும் 1940இல் தானியங்களின் நிகோடினிக் அமில அளவைக் கணக்கிட்டனர். அரிசி உண்ணும் ஏழையும் இச்சத்தை மிகுதியாகப் பெறவில்லை என்பது தெரிந்தது. ஆனால் அவனுக்குப் பெல்லாக்ரா வருவதில்லை. ஆகவே ஒரு தானியத்தில் நியாசின் எவ்வளவு உள்ளது என்பது மட்டும் நோயை விளக்கப் போதாது என்பதாயிற்று.

ஹைதராபாத்

1958இல் ஆய்வகம் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 முதல் அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர்பெற்றது. இவ்விடமாற்றத்தை நிருவாகச் செய்தியாக மட்டும் கருதுதல் தகாது. மலையிலிருந்து இறங்கிய ஆய்வாளர்கள், புன்செய்க் கூலி உழவர் நோயாளிகளாக வந்து சேரும் மருத்துவமனைகளின் அருகில் அமர்ந்தனர். அந்நோயாளிகளுள் பெல்லாக்ரா உடையோரும் இருந்தனர். மக்காச்சோளத்தை அவர்கள் முதன்மை உணவாக உண்டவர்களல்லர். அவர்தம் உணவு சோளம்.

இவ்விடத்துச் சொற்குழப்பம் ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். தமிழில் இரு தானியங்களும் சோளம் என்றே வழங்குவதால், அயல்நாட்டு நோய்ச்செய்தியைத் தமிழிற் படிப்போர் இரண்டையும் ஒன்றெனக் கொள்ள இடமுண்டு. கன்னடத்தில் ஜோள என்றும் தெலுங்கில் ஜொன்ன என்றும் மராத்தியில் ஜ்வாரி என்றும் வழங்குவது நாட்டுச் சோளமே. தக்காணத்தில் அது ரொட்டியாகவும் களியாகவும் கூழாகவும் உண்ணப்பட்டது. மக்காச்சோளத்தைப் போல் டிரிப்டோஃபான் இதில் மிகக் குறைவன்று. அங்ஙனமாயின் நோய் எவ்வாறு வந்தது?

சேலத்திற் பிறந்தவரான சி. கோபாலன் (1918–2019), எஸ். ஜி. ஸ்ரீகண்டியாவுடன் இணைந்து 1960இல் லான்செட் இதழில் இதற்கு ஒரு விடையை முன்வைத்தார். மக்காச்சோளத்துக்கும் சோளத்துக்கும் பொதுவாயமைந்தது லூசின் என்னும் அமினோ அமிலத்தின் மிகுதி. அம்மிகுதி டிரிப்டோஃபானும் நியாசினும் உடலிற் பயன்படும் முறையைக் குலைக்கிறது என்பது அவர்தம் கொள்கை. குறைவினால் மட்டுமன்றி, ஒவ்வாத விகிதத்தாலும் நோய் வரலாம் என்ற கருத்து அக்காலத்தில் புதுமையானது. லூசின் குறைந்த சோள வகைகள் நாய்களுக்குக் கருநாக்கு நோயைத் தரவில்லை என்பதும் இதற்குத் துணையாயிற்று.

இவ்வாய்வின் மனநலப் பகுதி போதிய கவனம் பெறவில்லை. 1968இல் ஸ்ரீகண்டியாவும் பிறரும் பெல்லாக்ரா நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து, அவற்றில் மெதுவான அலைகள் மிகுந்திருப்பதைக் காட்டினர். 1970இல் கமலா கிருஷ்ணசாமியும் ராமனமூர்த்தியும் இந்நோயாளிகளின் மனமாற்றங்களைக் குருதித் தட்டணுக்களின் செரட்டோனின் அளவோடு இணைத்து ஆராய்ந்தனர். மறு ஆண்டு கிருஷ்ணசாமியும் கோபாலனும், ஐசோலூசின் என்னும் மற்றோர் அமினோ அமிலம் தோலிலும் மின்னலைகளிலும் விளைக்கும் மாற்றத்தை வெளியிட்டனர். குடலும் மூளையும் உரையாடுகின்றன என்ற பேச்சு உலகெங்கும் பரவுவதற்கு ஒரு தலைமுறை முன்னரே, கூலி உழவரின் களிக் கிண்ணத்திலிருந்து மூளை வரை செல்லும் வழியை இவர்கள் தேடியிருந்தனர். தேடலில் ஒரு தடையும் நேர்ந்தது. பிற நாட்டு ஆய்வகங்களில் எலிகளைக்கொண்டு செய்த சோதனைகள் பல லூசின் கொள்கையை உறுதிப்படுத்தவில்லை. அக்கொள்கை முற்றும் நிறுவப்பட்டதாக இன்றளவும் கொள்ளப்படுவதில்லை.

வழக்கமா, வறுமையா?

கொள்கை எதுவாயினும், நோயுற்றவர் யார் என்பதில் ஐயமில்லை. சோளத்தோடு பருப்பும் மோரும் இறைச்சியும் சேர்த்து உண்ட நிலவுடைமையாளர்க்கும் சோளமே முதன்மை உணவாயிருந்தது. நோய் கண்டவரோ பெரும்பாலும் வறிய உழைப்பாளர். கோல்ட்பெர்கர் பருத்தியாலை ஊர்களில் வருமானம் குறையக் குறைய நோய் மிகுவதைக் கண்டதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ‘உணவுப் பழக்கம்’ என்ற தொடரை இவர்கள்மேல் ஏற்றுவது பிழை. பழக்கம் என்பது விரும்பினால் மாற்றத்தக்கது. ஒற்றைத் தானியக் கூழ் அவர்களுக்குப் பழக்கமன்று, கூலியின் அளவு. உறக்கமின்மையையும் எரிச்சலையும் சோம்பலையும் அவர்தம் குணமாக எழுதிவைப்போர், உடலின் குறையொன்றை ஒழுக்கத்தின் குறையாக்கிவிடுகின்றனர்.

தக்காணத்தில் சோளத்தை விலக்கியது மருந்தன்று, நியாயவிலைக் கடை. 1983இல் ஆந்திரப் பிரதேசத்தில் கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கப்பட்ட பின் ஏழைகளின் உணவில் அரிசியின் இடம் பெருகியது; சோளம் பின்தள்ளப்பட்டது; பெல்லாக்ராவும் அரிதாயிற்று. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியபோது, அதே சோளம் நகரத்தாரின் உடல்நல உணவாகத் திரும்பிவந்தது. பருப்பும் காய்கறியும் தயிரும் உடனிருக்கும் தட்டில் அதனால் தீங்கில்லை. தனித்து நின்றபோது அது செய்ததைப் பாராட்டுரைகள் குறிப்பிடவில்லை.

நோய் முற்றும் மறைந்துவிடவுமில்லை. இன்று அது பெரும்பாலும் நெடுநாள் குடிப்பழக்கம் உடையோரிடத்தும், காசநோய்க்கு ஐசோநியாசிட் உட்கொள்வோருள் சிலரிடத்தும் காணப்படுகிறது. குழப்பத்தோடும் உறக்கமின்மையோடும் மனநல மருத்துவமனைக்கு அழைத்துவரப்படும் ஒருவரின் கழுத்தையும் புறங்கைகளையும் நாக்கையும் பாராது விட்டால், வயிற்றுப்போக்கு பற்றி வினவாது விட்டால், அவர் மனநோயாளி என்றே பதிவாகக்கூடும். சிலரிடத்துத் தோலின் அடையாளம் தோன்றாமலே மனக்குழப்பம் வந்துவிடுவதும் உண்டு.