முத்தின் கணக்கும் செவியின் கணக்கும்: மூழ்கு தொழிலாளரின் செவித்திறன் இழப்பு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் தெற்கெல்லையாக அமைந்திருப்பது தெப்ராவ் நீரிணை. 17ஆம் நூற்றாண்டில் ஜொகூர் அரசின் கடற்படைக்கு வலுவாகவும், கடல்படு பொருள்களைத் திரட்டித் தருவோராகவும் விளங்கியவர்கள் ஓராங் லாவுட் எனப்படும் கடல்வாழ் மக்கள் ஆவர். அம்மக்களுள் ஒரு பிரிவினரான ஓராங் செலேத்தார் இன்றும் இந்நீரிணையின் கரைகளில் வாழ்கின்றனர். அதன் கிழக்கில் பாசீர் கூடாங் துறைமுகமும், மேற்கில் தஞ்சோங் பெலேப்பாஸ் துறைமுகமும் எழுந்துள்ளன. கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டித் துப்புரவு செய்தல், நீருக்கடியில் பழுது பார்த்தல் முதலியன துறைமுகங்களைச் சார்ந்த பணிகள். எனவே, கடலில் மூழ்கிப் பிழைத்தல் என்பது இக்கரைக்குப் பழைய செய்தியும் புதிய செய்தியும் ஆகும்.

மூழ்குவோரின் உடலில் முதலில் தாக்குறும் உறுப்பு செவி. இத்தாக்கத்தின் வரலாற்றை அறிய முற்படுவோர்க்கு எழுத்துச் சான்றுகள் மிகுந்து கிடைக்கும் களம் மன்னார் வளைகுடா. தமிழர் நெடுங்காலம் முத்துக்குளித்த கடல் அது. ஆகவே, ஜொகூரில் எழும் வினாவுக்கு விடை தேடி நாம் அக்கடலுக்குச் செல்ல வேண்டியுள்ளது. முத்துக்குளிப்பைப் பதிவு செய்தோர் செவியை எவ்வாறு கண்டனர், எவற்றைக் கணக்கிட்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நீரழுத்தமும் செவியும்

கடலில் 10 மீட்டர் ஆழம் சென்றால் உடலின்மீது தாக்கும் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இருமடங்காகிறது. செவிப்பறைக்குப் பின்னுள்ள நடுச்செவியில் காற்று அடைபட்டுள்ளது. தொண்டையோடு அதனை இணைக்கும் குழல் திறந்து காற்றை உள்விட்டால்தான் பறையின் இருபுறமும் அழுத்தம் சமமாகும். அவ்வாறு திறவாவிடின் ஓரிரு மீட்டரிலேயே வலி தோன்றும். மேலும் சில மீட்டர் இறங்கினால் பறை உள்நோக்கி இழுபட்டுக் குருதி கசியும், கிழியவும் கூடும். சிறு கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறுவதற்குள் மீண்டும் மீண்டும் மூழ்குவோர்க்குச் சீழ் பிடித்து ஓட்டை நிலைபெறுகிறது. கேட்கும் திறன் குறைகிறது. அழுத்தம் உட்செவியைத் தாக்குமாயின் அவ்விழப்பு மீளாததாகவும் அமையலாம்.

இச்சிக்கல் பழங்காலத்தாரும் அறிந்ததே. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘பிராப்ளமாட்டா’ என்னும் நூல், கடலில் மூழ்குவோரின் செவிப்பறை உடைவது ஏன் என்று வினவுகிறது.

மன்னார் வளைகுடாச் சான்றுகள்

கொற்கை முத்தின் சிறப்பைச் சங்க இலக்கியம் பேசுகிறது. பாண்டிய நாட்டு முத்தை அர்த்தசாத்திரமும் குறிக்கிறது. ஆனால், கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘எரித்திரையக் கடற் பெரிப்ளுஸ்’ என்னும் கிரேக்கக் குறிப்பு மற்றொரு செய்தியைத் தருகிறது. கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்பதே அது. எவரும் விரும்பி ஏற்காத அளவு கொடிய பணியாக அது கருதப்பட்டிருக்கலாம் என நாம் ஊகிக்க இது இடந்தருகிறது.

குளிக்கும் முறையை விரிவாக எழுதியவருள் ஒருவர் இராபர்ட் பெர்சிவல் என்னும் ஆங்கிலப் படை அலுவலர். இலங்கை பற்றிய அவர்தம் நூல் 1803இல் வெளிவந்தது. குளிப்பவர் கல் கட்டிய கயிற்றைக் கால்விரலால் பற்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார். நாளொன்றுக்கு 40 அல்லது 50 முறை மூழ்குவார். மேலே வந்ததும் வாய், மூக்கு, காது வழியே நீரும், பல வேளைகளில் குருதியும் வெளிப்படும் என்பன அவர் தரும் செய்திகள். சிலர் உடம்பில் எண்ணெய் பூசிக் காதையும் மூக்கையும் அடைத்துக்கொள்வர் என்றும் அவர் எழுதுகிறார்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. கல்லின் எடையால் குளிப்பவர் விரைந்து இறங்குகிறார். இதனால் மூச்சு மிச்சமாகிறது. ஆனால், செவியின் அழுத்தத்தைச் சமன்செய்யக் கிடைக்கும் நேரமும் குறைந்துவிடுகிறது. தொழிலின் ஆதாயமும் செவியின் கேடும் ஒரே கல்லில் அமைந்தன எனலாம். அடுத்து, காதை அடைத்துக்கொள்வது நீரைத் தடுக்கலாம். நடுச்செவியின் அழுத்தத்தை அது சமன்செய்யாது. மூக்கைப் பொத்தி மெல்லக் காற்றை உந்துவதே சமன்செய்யும் வழி. குளிப்போர் மூக்கைப் பொத்தியது நீர் புகாமைக்கு மட்டுமன்றி இதற்கும் பயன்பட்டிருக்கலாம்.

அதே காலத்து ஆங்கிலக் குறிப்பு ஒன்று மேலும் நுட்பமான செய்தியைத் தருகிறது. மூக்கிலும் காதிலும் சிறிது குருதி வருவதைக் குளிப்போர் நற்குறியாகக் கொண்டனர். அதன்பின் அவர்களுக்கு மூழ்குவது எளிதாயிற்று என்பது அச்செய்தி. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. கிழிந்த பறையின் வழியே அழுத்தம் தானே சமனாகிறது, வலி அடங்குகிறது. அவர்கள் கண்டது உண்மையே. ஆனால், அந்த எளிமைக்குக் கேள்வித்திறன் விலையாயிற்று. காயம் தொழில் கைவந்ததற்கு அடையாளமாகக் கொள்ளப்படும்போது, அதனை இழப்பு என்று எவரிடம் முறையிடுவது?

கணக்கில் வந்தவையும் வராதவையும்

முத்துக்குளிப்பில் உள்ள இடரை ஆட்சியாளர் உணராமல் இல்லை. சுறாவைக் கட்டும் மந்திரவாதிகளுக்கு எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு வழங்கப்பட்டதாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். கடற்கட்டி எனப்பட்ட அம்மந்திரவாதிகளின் பணி ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்தது. அரசே அவர்களை அமர்த்தியது. சுறாவின் தாக்குதல் கண்ணுக்குத் தெரிந்த இடர், ஒருவர் மாண்டால் மற்றவர் கடலில் இறங்க மறுப்பர், வருவாய் நின்றுவிடும். செவியின் இழப்போ ஒவ்வொருவராக, ஓசையின்றி நேர்வது. அதனால் படகுகள் நிற்கவில்லை.

1905ஆம் ஆண்டு இலங்கைக் கரையில் நிகழ்ந்த முத்துக்குளிப்பு பெயர்பெற்றது. ஏறத்தாழ 5,000 பேர் மூழ்கினர். 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. அக்காலத்தே உயிரியல் அறிஞர் ஹெர்ட்மன் சிப்பிகளைப் பற்றி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். சிப்பியின் வளர்ச்சி, அதனைப் பற்றும் ஒட்டுண்ணிகள் முதலியன அவற்றில் ஆராயப்பட்டன. சிப்பியின் நோய்க்கு இருந்த கவனம் குளிப்பவரின் செவிக்குக் கிடைத்திலது.

இதற்குத் தொழிலின் அமைப்பும் ஒரு காரணம் எனலாம். கடலடியில் இருப்பவர் கயிற்றை அசைத்துக் குறிப்புணர்த்துவார், மேலிருப்பவர் இழுப்பார். அங்குப் பேச்சுக்கு இடமில்லை. செவி மந்தமானவர் தொழிலுக்குத் தகுதி இழப்பதில்லை. ஆனால், கரையேறிய பின் தம் பங்குச் சிப்பியை விலைபேசி விற்க வேண்டியவரும் அவரே. இழப்பின் சுமை சந்தையிலும் வீட்டிலும் இறங்கியது.

பிற கடல்கள்

10ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-மசூதி, பாரசீக வளைகுடாவில் குளிப்போர் மூக்கை இடுக்கியால் அடைத்துக் காதின் அடியைப் பிளந்து அதன் வழியே மூச்சு விடுவர் என்று எழுதினார். செவி வழியே மூச்சுவிட இயலாது. ஆயினும், கிழிந்த பறையின் ஊடே காற்று வெளியேறுவதைக் கண்டோர் கூறிய செய்தி இவ்வாறு திரிந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. நம் நாட்டின் சபா மாநிலத்துச் செம்பூர்ணா கடற்பகுதியிலும் அண்டை நாடுகளிலும் வாழும் பஜாவ் மக்களிடையே, இளமையிலேயே செவிப்பறையைக் கிழியவிடும் வழக்கம் இருந்ததாகவும், முதியோர் பலர் செவி மந்தமானவர் என்றும் எழுதப்பட்டுள்ளது. மூழ்குவதற்கேற்ப இம்மக்களின் மண்ணீரல் பெரிதாக அமைந்துள்ளதை 2018இல் வெளிவந்த மரபியல் ஆய்வு காட்டியது. செவியோ அவ்வாறு ஈடுகொடுத்ததாகத் தெரியவில்லை.

இன்றைய நிலை

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. சங்குகுளிப்பு தொடர்கிறது, படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய் வழியே மூச்சுவிட்டுக் குளிப்போர் அங்கு உள்ளனர். மூச்சின் எல்லை நீங்கியதால் ஆழமும் நேரமும் கூடின. இறங்குகையில் நேரும் அழுத்தக் காயத்தோடு, ஏறுகையில் உட்செவியில் வளிக்குமிழ் தோன்றும் இடரும் சேர்ந்தது. துறைமுகங்களில் மூழ்குவோர்க்குக் கருவிகளின் இரைச்சலும் உண்டு. தொழில்முறை மூழ்குநரின் செவித்திறன் விரைந்து குறைவதை 1990இல் வெளிவந்த நார்வே நாட்டு ஆய்வு எடுத்துக்காட்டியது.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள், நாளொன்றின் சராசரி இரைச்சலுக்கு 85 டெசிபெல் என எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்ட இரைச்சலில் பணிபுரிவோர்க்குச் செவித்திறன் சோதனையையும் கட்டாயமாக்கியுள்ளன. இது வரவேற்கத்தக்கது. எனினும், அவ்விதிகள் அளப்பது இரைச்சலை, அழுத்தத்தை அன்று. முதலாளி இன்றித் தாமே மூழ்கிப் பிழைப்பவரை யார் சோதிப்பது என்னும் வினாவும் எஞ்சுகிறது. தொழிலில் சேரும் நாளன்று செவியின் நிலை பதியப்படாவிடில், பின்னாளில் ஏற்பட்ட இழப்பைத் தொழிலின் விளைவென்று மெய்ப்பிப்பது அரிது. 1905இல் இல்லாத பத்தி இன்றும் வெறுமையாக இருப்பின், அன்றைய கணக்கரைக் குறைகூறும் தகுதி நமக்கு இல்லை.

முடிவுரை

கேள்விக்கு ஓர் அதிகாரமே வகுத்த இலக்கிய மரபு நம்முடையது. அம்மரபிலேயே கொற்கை முத்தும் போற்றப்படுகிறது. முத்தைக் கொணர்ந்தவன் தன் கேள்வியை இழந்தான் என்பதை இவ்விரண்டிற்கும் இடையே வைத்து நோக்குதல் வேண்டும். வகுப்பறையில் கொற்கையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பெரிப்ளுஸ் கூறும் குற்றவாளிகளையும் பெர்சிவல் கண்ட குருதியையும் மாணவர்க்கு எடுத்துரைப்பார்களாயின், பாடல் தன் சிறப்பில் குறைந்துவிடாது. தெப்ராவ் நீரிணையைக் கடந்து பள்ளிக்கு வரும் ஜொகூர் மாணவர், தம் கண்முன் நீரில் இறங்குவோரையும் அவ்வரலாற்றின் தொடர்ச்சியாகக் காண்பர்.