பாஸ் வரிசையில் ஓர் இடம்

பாடகர் குழுவில் நான் சேர்ந்தது பக்தியினால் அல்ல, ஆள் பற்றாக்குறையினால். திருநெல்வேலிச் சீமையில் ஒரு புராடஸ்டண்ட் கோயில். ஆர்கன் வாசித்த அண்ணாச்சி என்னை ஒரு வரி பாடச் சொன்னார். பாடினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "ஏல, ஒனக்குக் கொரல் கெடையாது. சத்தம் இருக்கு. பாஸ்ல போய் நில்லு" என்றார். என் சங்கீத வாழ்க்கை பற்றி வந்த ஒரே விமர்சனம் அது. மறுக்க இன்றுவரை எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பாஸ்காரனுக்கு மெட்டு கிடையாது. நாலைந்து ஸ்வரங்களுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருப்பது அவன் வேலை. வீட்டில் அம்மா புதுப் பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னாள். நான் கற்றதைப் பாடினேன். "மத்தவங்க என்ன பாடுதாங்கன்னு கேட்டுட்டு வந்து பாடுல" என்றாள். மற்றவர்கள் பாடும்போதுதான் என் பங்குக்கு அர்த்தம் வரும் என்பதை அவளுக்கு விளக்க முடியவில்லை. எனக்கே அது புரியச் சில மாதங்கள் ஆயின.

வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. பாதி வேடிக்கை மொழியிலேயே இருந்தது. ஜெர்மன், ஆங்கில மெட்டுகளுக்குத் தமிழாக்கிய ஞானப்பாட்டுகளில் சொல்லின் மாத்திரை ஒன்று, மெட்டின் மாத்திரை வேறு. தமிழில் குறில் குறிலாக நின்றால்தான் சொல் நிற்கும். 'மனம்' என்ற சொல்லின் முதலெழுத்தில் மெட்டு மூன்று தட்டு காத்திருந்தால், கோயில் முழுவதும் மானத்தைத் திறந்து வைக்கிறது. நாங்கள் படும் துயரம் நாங்கள் பாடும் துயரமாகிவிடும். எங்கள் குழுவைப் பொறுத்தவரை பின்னதும் உண்மைதான்.

இந்தச் சங்கடம் பழையது. 1706-ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியபோது லுத்தரன் சபையின் பாட்டும் கூடவே இறங்கியது. அதே நூற்றாண்டில் பப்ரீஷியுஸ், வேதத்தைத் தமிழாக்கிய கையோடு ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் தமிழாக்கினார். கருத்து வந்தது, மெட்டும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் தமிழ்ச் சொல் நெருக்குண்டது.

மறுபுறம் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாகவே சுவார்ட்ஸ் பாதிரியாரோடு தஞ்சை போனவர். இரண்டாம் சரபோஜியின் நட்பும் ஆதரவும் பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர். குறவஞ்சி, நொண்டி நாடகம், கும்மி என்று அரண்மனையிலும் தெருவிலும் புழங்கிய வடிவங்களையெல்லாம் அவர் வேதத்துக்குத் திருப்பினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்த கீர்த்தனையில் குறில் மறுபடி குறிலாயிற்று. 1853-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியாரின் பாடல்களுக்கு அதில் முக்கிய இடம் இருந்தது.

கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். அந்நிய மெட்டு தோற்றது, மரபு வென்றது. நம்மில் பலருக்கு இந்த முடிவு பிடிக்கும். எனக்கும் வெகுநாள் பிடித்திருந்தது.

ஆனால் 1820-களில், புதிதாக வந்த மிஷனரிகளை எதிர்த்துச் சாஸ்திரியார் எழுதியவற்றின் சாரத்தைப் பார்க்க வேண்டும். அவர் முறையிட்ட கொடுமைகள் நான்கு. பழகிய வேதத்தின் தமிழை மாற்றுகிறார்கள். ஆராதனையில் கீர்த்தனையை விலக்குகிறார்கள். விழாக்களில் பூவை விலக்குகிறார்கள். கோயிலுக்குள் சாதி வித்தியாசத்தை விடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். முதல் மூன்றிலும் நான் அவர் பக்கம் நிற்கிறேன். நான்காவதில் முடியவில்லை. அவருக்கோ நான்கும் ஒன்றுதான். எனக்குச் சௌகரியமான மூன்றை மட்டும் உருவி எடுத்து அதற்கு மரபு என்று பெயர் வைப்பது நேர்மையாகாது.

எங்கள் கோயிலில் எந்தக் குடும்பத்துக்கு எந்த பெஞ்சு என்று எவரும் எழுதி வைத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும். பாடகர் வரிசையில் மட்டும் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று குரல்தான் இடத்தைத் தீர்மானித்தது. என் இடப்பக்கம் நின்றவர் வீட்டில் எங்கள் வீட்டார் தண்ணீர் குடித்ததில்லை. என் ஸ்வரம் தவறும்போதெல்லாம் அவர் பக்கம் காதைச் சாய்த்துத்தான் அதைத் திரும்ப வாங்கினேன். ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம். தமிழை நொறுக்கிய அதே நாலு பார்ட்தான் எங்களைப் பக்கத்தில் நிறுத்தியது. இதை அதிகமாக மதிப்பிடவும் கூடாது. ஆராதனை முடிந்ததும் அவர் தெரு அவருக்கு, என் தெரு எனக்கு.

பின்னாளில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு (1940-2005) இரண்டையும் கேள்வி கேட்டார். மேற்கின் மெட்டு போலவே கர்நாடகக் கீர்த்தனையும் மேலிருந்து வந்ததுதான் என்றார். வயலிலும் சேரியிலும் இருந்த மெட்டுகளில் வழிபாட்டை அமைத்தார். நான் தயங்கி நின்ற இடத்தை அவர் தாண்டிப் போனார்.

ஒரு கிறிஸ்துமஸ் இரவு, பாட்டின் நடுவே மின்சாரம் போயிற்று. புத்தகம் தெரியவில்லை, ஆர்கன் நின்றுவிட்டது. நாலு பார்ட்டும் நாலு திசையில் சிதறின. அப்போது பெண்கள் பெஞ்சிலிருந்து யாரோ ஒரு கீர்த்தனையை எடுத்தார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு. கீர்த்தனையில் பாஸ் கிடையாது. முதல்தடவையாக எனக்கு மெட்டு கிடைத்தது. பக்கத்தில் நின்றவருக்கும் கிடைத்தது. சாஸ்திரியாரின் வழியில் வந்த பாட்டை, அவர் ஒப்பியிருக்காத வரிசையில் நின்று, இருட்டில் வாய்விட்டுப் பாடினோம்.

விளக்கு வந்ததும் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "ஏல, மெட்டு ஒனக்கு ஆகாது. பாஸையே பாடு" என்றார்.