நெல் அளப்பவனும் மாட்டிடையனும்

மனக்கொதிப்பை ஆற்றுவதற்கு மூச்சைக் கவனிக்கும் பயிற்சி, மேற்குலகத்தின் புத்தம்புதிய கண்டுபிடிப்பைப் போல இன்று கொழும்பில் கட்டணம் அறவிட்டுக் கற்பிக்கப்படுகிறது. அதன் பழைய சரித்திரம் நமது தமிழ் வாசகர் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பௌத்தம் என்றதும் அரசியலையே காணுமாறு நமது நாட்டு நடப்புகள் நம்மைப் பழக்கிவிட்டன. அந்தப் பழக்கத்தால் நாம் இழந்தவற்றுள் இதுவும் ஒன்று என்பது என் கருத்து.

இந்தப் பயிற்சி பாளி நூல்களில் ஆனாபானசதி எனப்படும். உட்செல்லும் மூச்சிலும் வெளிச்செல்லும் மூச்சிலும் நினைவை நிறுத்துவதே அது. இது போதிக்கப்பட்ட சந்தர்ப்பங்களுள் ஒன்றைச் சங்யுத்த நிகாயமும் விநய பிடகமும் பதிவு செய்திருக்கின்றன. அது அமைதியான சந்தர்ப்பமன்று. வைசாலியில் உடலின் அசுத்தத்தைத் தியானிக்குமாறு பிக்குகளுக்குப் போதித்துவிட்டுப் புத்தர் அரைமாதம் தனிமையில் இருந்தார். அத்தியானம் சிலரை உடலின்மீதே பெரும் அருவருப்புக் கொள்ளச் செய்தது. ஒரே நாளில் பத்துப் பேர், இருபது பேர், முப்பது பேர் என்று உயிரை மாய்த்துக்கொண்டனர். தனிமை நீங்கி வந்த புத்தர், சங்கம் ஏன் மெலிந்திருக்கிறது என்று ஆனந்தரிடம் வினவினார். வேறொரு தியானமுறையைக் கூறியருளுமாறு ஆனந்தர் வேண்ட, எஞ்சியிருந்தோரை மண்டபத்தில் ஒன்றுகூட்டிப் புத்தர் உபதேசித்தது இந்த மூச்சுப் பயிற்சியையே. கோடையின் கடைசி மாதத்திற் கிளம்பும் புழுதியைப் பருவம் தப்பிப் பெய்யும் பெருமழை அடக்குவதை அதற்கு உவமையாக்கினார். தம்மையே வெறுக்கத் தொடங்கிய மனிதருக்கென வழங்கப்பட்ட மருந்து இது என்பதை இன்றைய பயிற்சி வகுப்புகளில் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது ஐயமே.

சைவச் சூழலில் வளர்ந்தோர் இதனைப் பிராணாயாமத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதுண்டு. திருமூலர் மூன்றாம் தந்திரத்திற் கூறும் பிராணாயாமம் மூச்சை அளந்து இழுத்து, நிறுத்தி, விடுவது. ஆனாபானசதியில் மூச்சுக்கு எந்தக் கட்டளையும் இல்லை. நீண்டால் நீண்டது என்றும் குறுகினால் குறுகியது என்றும் அறிவது மாத்திரமே தொடக்கம். கோபம் கொண்டவனின் மூச்சு கோபத்தோடுதான் ஓடும். அதை அப்படியே காணும்படி விடுகிறது இம்முறை.

இதற்கு மிக விரிவான கைநூல் எழுதப்பட்டது நமது நாட்டிலேதான். கிறித்துவுக்குப் பின் 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரம் மகாவிகாரையில் தங்கிய புத்தகோசர் விசுத்திமக்கத்தை எழுதினார். காஞ்சிபுரத்தில் தாம் முன்பு வாழ்ந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் குறிப்பிடுபவர் அவர். ஆகவே அவர் கையாளும் உவமைகளில் தமிழர் வயலின் வாசனை வீசுவதில் வியப்பில்லை. மூச்சை எப்படி எண்ணுவது? முதலில் நெல் அளப்பவனைப் போல நிதானமாக. அவன் நாழியை நிறைத்து, ஒன்று என்று சொல்லிக் கொட்டுகிறான். மறுபடி நிறைக்கையில் குப்பை கண்ணிற்பட்டால் அதை அகற்றிக்கொண்டே ஒன்று, ஒன்று என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நாழி என்ற சொல் பாளியிலும் நாழிதான். (ஒன்று என்பதற்குப் பதிலாக இலாபம் என்று தொடங்கும் நமது களத்துமேட்டு அளவுகாரரை அவர் கண்டிருப்பாரோ என்று எண்ணத் தோன்றுகிறது.)

மூச்சு தெளிவாகப் பிடிபட்டபின், மாட்டிடையனைப் போல விரைவாக எண்ண வேண்டும். மடியில் கூழாங்கற்களுடன், கயிறும் கோலும் ஏந்தி, அதிகாலையில் அவன் பட்டிக்குச் செல்கிறான். வாயிற்கட்டையின் மீதமர்ந்து, வாசலை அடையும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கல் எறிந்து எண்ணுகிறான். இரவு முழுவதும் நெருக்கத்தில் துன்புற்ற மாடுகள் ஒன்றையொன்று உராய்ந்தபடி வெளியேறுகின்றன. எண்ணிக்கை ஐந்துக்குக் குறையவும் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது. குறைந்தால் ஒடுங்கிய பட்டியில் அடைபட்ட மாடுகள்போல மனம் தத்தளிக்கும்; தாண்டினால் மூச்சை விட்டு எண்ணையே பற்றிக்கொள்ளும். துயருற்ற மனத்தை இதைவிட நுட்பமாக அறிந்து எழுதிய உளவியல் நூலை நான் வாசித்ததில்லை.

இந்நூலை ஆங்கில உலகுக்கு அளித்தவர் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவத்தில் பணியாற்றிய ஒருவர். 1949இல் இலங்கை வந்து, 1911இல் ஜெர்மானியத் துறவி ஞானதிலோக தேரர் தொடந்துவைக்கு அருகில் நிறுவிய தீவுத் துறவிமடத்தில் சேர்ந்து, ஞானமோலி என்ற பெயருடன் பிக்குவானார். ஆனாபானசதி பற்றிய அவரது தொகுப்பு 1952இலும் விசுத்திமக்க மொழிபெயர்ப்பு 1956இலும் வெளிவந்தன. 1960இல் பாதயாத்திரையின்போது ஒரு கிராமத்தில் இருதய நோயினால் காலமானார்.

பிற்பாடு நடந்தது பலரும் அறிந்ததே. 1979இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின், தீராத வலியுடையோருக்கு இப்பயிற்சியைச் சமயச் சாயலின்றிக் கற்பித்தார். 1982இல் அவர் வெளியிட்ட ஆய்வு 51 நோயாளரைப் பற்றியது.

நமக்கு நெருக்கமானது வேறொன்று. யாழ்ப்பாணத்தில் போரினால் மனம் நொந்தோருக்குச் சிகிச்சையளித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், அவரவர் மரபில் உள்ள சாந்தப் பயிற்சியையே பயன்படுத்த வேண்டும் என வலியுறுத்தியவர். சைவருக்குப் பிரணவ செபம், இஸ்லாமியருக்குத் திக்ர், கத்தோலிக்கருக்குச் செபமாலை, பௌத்தருக்கு ஆனாபானசதி. 1998இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல் ஈழத்தமிழர் மீதான போரின் உளத்தாக்கத்தைப் பேசுவது.

மூச்சு கைகொடுக்காத வேளையும் உண்டு. அதையும் பழைய நூல்கள் மறைக்கவில்லை. இராசகிருகத்தில் அஸ்ஸஜி என்ற பிக்கு கடும் நோயுற்றார். முன்பெல்லாம் நோய் வந்தபோது உடலியக்கத்தை அமைதிப்படுத்தி இருந்தேன், இப்போது மனம் ஒருமைப்படவில்லை, நான் தாழ்ந்துவிட்டேனோ என்று அவர் வருந்தினார். அவர் குறிப்பிட்டது மூச்சையே என்பர் உரையாசிரியர். புத்தர் மீண்டும் முயன்று பார் என்று கூறவில்லை. மன ஒருமையையே சாரமெனக் கொள்வோருக்குத்தான் அவ்வாறு தோன்றும் என்றார்; வரும் வேதனை நிலையற்றது என்பதைப் பேசினார். அதற்கு முன், தம்மைக் கண்டதும் படுக்கையில் அசைந்தெழ முயன்ற நோயாளியைத் தடுத்து, அசைய வேண்டாம், இங்கே ஆசனம் இருக்கிறது, நான் அமர்ந்துகொள்கிறேன் என்று சொல்லி அருகில் அமர்ந்திருந்தார்.