கூட்டு வடிவமைப்பில் ஊடாடு மேசை

பலர் சுற்றி நின்று, ஒரே நேரத்தில் தொட்டும் பொருள்களை நகர்த்தியும் இயக்கக்கூடிய கிடைமட்டக் கணினித் திரையே ஊடாடு மேசை. வீட்டையும் தெருவையும் நகரத்தையும் குழுவாகத் திட்டமிடுவோருக்கான கருவியாக அது 1990களில் உருப்பெற்றது. அதன் வரலாற்றைத் தொடுதிரையின் வரலாறாகவே எழுதுவது வழக்கம். அப்படி எழுதும்போது வரைபடத்தைத் திருத்தும் கை யாருடையது என்ற கேள்வி விடுபட்டுப்போகிறது. குழுவின் படைப்பாற்றல் பெரிதும் தங்கியிருப்பது அந்தக் கேள்வியில்தான். கணினி எட்டிப்பார்க்காத 1950களிலேயே அதற்கு விடை தேடிய நகரம் கண்டி.

கண்டியை அடுத்த பேராதனைப் பல்கலைக்கழக வளாகம் பேட்ரிக் அபெர்குரொம்பி, கிளிஃபர்ட் ஹாலிடே ஆகியோரின் திட்டத்திலிருந்து எழுந்தது. அழகில் குறைசொல்ல இடமில்லை. எனினும் வல்லுநர் வரைவார், மற்றவர் குடியேறுவார் என்ற அக்கால வழக்கின் பிள்ளைதான் அது. 1918இல் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா அந்த வழக்கை உடைத்தார். பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் 1948இல் இணை உறுப்பினரான அவர், அத்தகுதி பெற்ற முதல் ஆசியப் பெண். 1949 முதல் 1951 வரை கண்டி மலைச்சரிவில் அவர் கட்டிய கருணாரத்ன இல்லத்தில் தும்பறை நெசவும் உள்ளூர்க் குயவரின் சுடுமண் ஓடுகளும் ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் இடம்பெற்றன. கண்டியில் அரச ஊழியருக்கான வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தில் (1955–1958) அவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். குடியேறப்போகிற சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் ஆகியோருக்கு முதலில் வினாக்கொத்து போனது. அவர்களோடு கலந்துபேசி, வருமானத்துக்கும் குடும்பத் தேவைக்கும் ஏற்ப மாற்றக்கூடிய சில அடிப்படை வீட்டு வகைகள் உருவாயின. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் அவற்றிலிருந்து பிறந்தன. இதே ஆண்டுகளில்தான், 1956இல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது என்பதை நினைத்தால், பல சமூகத்தாரையும் ஒரே திட்டத்துக்காகக் கலந்தாலோசித்ததன் எடை புரியும்.

வினாக்கொத்து மேசையாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது, குறை இருப்பதும் அங்கேதான். கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே அதில் பதில் எழுத முடியும். பென்சில் கடைசிவரை கட்டடக் கலைஞர் கையிலேயே இருந்தது. சமையலறையைக் கிழக்கே தள்ளினால் முற்றம் என்னாகும் என்பதை வரைபடம் படிக்கத் தெரியாத குடும்பம் தானே சோதித்துப் பார்க்க வழியில்லை. பிற்காலத் தொழில்நுட்பம் நிரப்ப முயன்ற இடைவெளி இது.

1991இல் கணினி ஆய்வாளர் பியர் வெல்னர் சாதாரண மேசைமீது கணினிப் படத்தை மேலிருந்து வீழ்த்தி, காகிதத்தையும் திரையையும் ஒன்றாக்கிக் காட்டினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோன் அண்டர்கொஃப்ளரும் ஹிரோஷி இஷியும் 1999இல் வெளியிட்ட ‘அர்ப்’ என்ற மேசை நகரத் திட்டமிடலுக்கே உரியது. கட்டட மாதிரியொன்றை மேசையில் நகர்த்தினால் அதன் நிழல் எங்கே விழும், காற்று எப்படி வளையும் என்பது உடனே தெரியும். கொலராடோவில் ஏர்னெஸ்டோ ஏரியாஸ், ஜெர்ஹார்ட் ஃபிஷர் முதலியோரின் குழு, அயலவர்கள் கூடிப் பேருந்துப் பாதை வகுப்பதற்கு இத்தகைய மேசையை அமைத்தது. 2001இல் மிட்சுபிஷி ஆய்வகத்தின் ‘டயமண்ட் டச்’ வந்தது. ஒவ்வொருவரும் அமரும் இருக்கை வழியே மின்குறிப்பைப் பெற்று, தொட்டவர் யார் என்பதையும் அது அறிந்துகொண்டது. தயாரித்த ஒவ்வொரு மேசையும் பெரும் வெற்றி பெற்றது என்றில்லை. ஆனால் விளைவை எல்லார் கண்முன்னும் உடனே காட்டுவதும், பல கைகளுக்கு ஒரே நேரத்தில் இடம்கொடுப்பதும் இங்கே ஒன்றுசேர்ந்தன.

குழுவே படைப்பாற்றலுக்குத் தடை என்பது வலுவான மறுப்பு. உளவியலாளர்கள் மைக்கேல் டீல், வொல்ஃப்கேங் ஸ்ட்ரோபெ ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வு, சேர்ந்து யோசிப்பவர்கள் தனித்தனியே யோசிப்பவர்களைவிடக் குறைவான எண்ணங்களையே தருகிறார்கள் என்றது. அவர்கள் கண்ட முதன்மைக் காரணம், ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பது. இந்தக் காரணத்தை ஏற்றால் மறுப்பே மேசைக்கு ஆதரவாகிறது: வாய்கள் வரிசையில் நிற்கவேண்டும், கைகள் நிற்கவேண்டியதில்லை. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்த கண்டிக் கூட்டத்தில், நகர்த்திக் காட்டப்படும் வீட்டு மாதிரி மொழிபெயர்ப்புக்காகவும் காத்திருக்காது.

மற்றொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. மேசைக்குத் தலைமாடு இல்லாவிட்டாலும் மனிதர் ஒன்றை உண்டாக்கிவிடுவர். ஆய்வாளர் ஸ்டேசி ஸ்கொட்டும் சகாக்களும் 2004இல் காட்டியபடி, ஒவ்வொருவரும் தம் முன்னால் உள்ள பரப்பைத் தமதாக்கிக்கொள்கிறார்கள், நடுப்பகுதி பொதுவாகிறது, பிறர் பரப்பில் கைவைக்கத் தயங்குகிறார்கள். பிரதேச செயலகக் கூட்டத்தில் உயரதிகாரி நிற்கும் பக்கத்தை யார் தொடுவார்? இதை எந்த மென்பொருளும் முழுதாகத் தீர்க்காது. தீர்வின் முதற்பகுதி மேசைக்கு வெளியே, யாரை எப்போது அழைப்பது என்பதில் இருக்கிறது. வட்டபுளுவவில் அந்த அழைப்பு முதலிலேயே போயிற்று.

விலையும் குறுக்கே நின்றது. 2007இல் மைக்ரோசொப்ட் அறிமுகப்படுத்திய ‘சர்பேஸ்’ மேசையின் விலை சுமார் 10,000 டொலர். 2012இல் அந்தப் பெயரும் கைக்கணினிக்குப் போய்விட்டது. இதைக் காட்டி மேசையின் காலம் முடிந்தது என்பவர்கள், விலையுயர்ந்த பெட்டியையும் முறையையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வெல்னரின் மேசைக்கு முக்கியமாக வேண்டியிருந்தவை ஒரு படவீழ்த்தி, ஒரு கமரா, ஒரு கணினி. இன்று பல பாடசாலைகளிலும் அவை உண்டு. மேல்வீட்டார் எழுப்பும் தாங்குசுவர் மழைநீரைக் கீழ்வீட்டார் முற்றத்துக்குத் திருப்பக்கூடிய, மண்சரிவு அச்சமும் உள்ள கண்டிச் சரிவுகளில், சுவர் எழுவதற்கு முன்பே இரு வீட்டாரும் அதை ஒரே படத்தில் நகர்த்திப் பார்க்க இந்த மூன்றும் போதும்.