மனஸ்தாபம் கற்பித்த பழைய தமிழ் அச்சுநூல்

செய்த பிழையை உணர்தல், உணர்ந்ததை வாய்விட்டு உரைத்தல், மீண்டும் அதனைச் செய்யாதிருக்க உறுதி பூணுதல் ஆகிய மூன்றும் சமயங்கள் பலவும் போற்றும் நெறிகளாம். கத்தோலிக்கத் திருச்சபை இவற்றை ஒரு தேவதிரவிய அநுமானமாகவே வகுத்து வைத்துள்ளது. பாவசங்கீர்த்தனம் என்று நம் முன்னோர் வழங்கிய அந்தச் சடங்கு தமிழ் மக்களிடையே வேரூன்றிய வரலாறு, நம் மொழி அச்சேறிய வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. அவ்வரலாற்றில் தமிழ் எழுத்திலான முதல் ஏடுகள் கொல்லத்திலும் கொச்சியிலும் அச்சாயின. தாயகம் நீங்கிப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் அதனை அறிந்துகொள்வது மிகவும் பொருத்தமானதாகும்.

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535ஆம் ஆண்டு தொடங்கி ஓரிரு ஆண்டுகளுக்குள் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். ஆனால் அவர்களுக்கு வேதபோதகம் கற்பிப்பார் எவரும் நிலையாக அங்குத் தங்கவில்லை. 1542ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் அக்கடற்கரைக்கு வந்தார். இருமொழி அறிந்தாரைக் கூட்டிவைத்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பாவசங்கீர்த்தன மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியேந்தி ஊர்தோறும் சென்று, சிறுவரையும் பெரியோரையும் கூட்டி ஓதுவித்தார்.

எனினும் பிறர் வாய்மொழியை நம்பி நடப்பதில் உள்ள இடர்ப்பாட்டை அவரே விரைவில் உணர்ந்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில், 'வேணும்' என்ற சொல்லை மொழிபெயர்த்தோர் அமைத்துவிட்டனர். அதனை மாற்றி 'விசுவசிக்கிறேன்' என்னும் பொருள்படச் சொல்லுமாறு, தம் துணைவர் மன்சிலாசுக்கு அவர் கடிதம் எழுதினார். கடவுளை நம்புவதற்கும் ஒன்றை வேண்டுமென்று விரும்புவதற்கும் உள்ள தொலைவு ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. சொல் பிழைத்தால் செபமும் பிழைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

செபத்தையாவது மனப்பாடமாக ஓதிவிடலாம். பாவசங்கீர்த்தனத்தின் நிலை வேறு. அது ஒருவன் தன் அந்தரங்கத்தைத் திறக்கும் இடம். குருவானவர் கேட்டதை எக்காரணத்தாலும் வெளியிடலாகாது என்பது திருச்சபையின் கண்டிப்பான சட்டம். அத்தகைய இடத்தில் துபாஷி ஒருவர் நடுவே நின்றால் எந்த மனிதன் மனந்திறந்து பேசுவான்? தன் வீட்டாரிடமும் சொல்லத் தயங்கும் குற்றத்தை அடுத்த தெருக்காரர் காதில் எங்ஙனம் போடுவான்? ஆகவே மக்களைப் பச்சாத்தாபத்துக்கு அழைக்க விரும்பும் குரு, முதலில் அவர்கள் மொழியைக் கற்றாக வேண்டும்.

இக்கடமையைத் தலைமேற்கொண்டவர் அண்டிரிக் அடிகளார். 1520ஆம் ஆண்டளவில் போர்த்துக்கல் நாட்டில் பிறந்த இவர், யூத மரபினர் என்னும் காரணத்தால் பிரான்சிஸ்கு சபையினின்று விலக்கப்பட்டு, பின்னர் சேசு சபையில் சேர்ந்தவர். 1546ஆம் ஆண்டில் கோவா வந்திறங்கி, மறு ஆண்டிலேயே முத்துக்குளித்துறையை அடைந்தார். இராப்பகலாகத் தமிழ் பயின்று, சில ஆண்டுகளுக்குள் மொழிபெயர்ப்பாளர் துணையின்றியே பிரசங்கம் செய்யும் ஆற்றல் பெற்றார். பின்வருவார்க்கு உதவும் பொருட்டுத் தமிழ் இலக்கணம் ஒன்றையும் போர்த்துக்கேய மொழியில் எழுதிவைத்தார். 1600ஆம் ஆண்டில் புன்னைக்காயலில் இறக்கும்வரை, ஏறத்தாழ ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அக்கடற்கரை மக்களுக்காகவே அவர் உழைத்தார்.

அவர் முயற்சியாலும் பரதவர்களின் பொருளுதவியாலும் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூல் வெளிவந்தது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் இதுவே மூத்தது. 1579ஆம் ஆண்டில் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. அதற்கு அடுத்து, 1580ஆம் ஆண்டில், அதே கொச்சியில் வெளிவந்ததே 'கொம்பெசியொனாயரு'. பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிக்கும் இந்நூல் 200 பக்கங்களுக்கு மேற்பட்டது. செபம் கற்பிக்கப் பதினாறு பக்கம் போதுமாயிற்று. தன்னைத்தான் ஆராயக் கற்பிக்கவோ இருநூறு பக்கம் வேண்டியிருந்தது.

அந்நூலின் நோக்கத்தை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். 1551ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம் பச்சாத்தாபத்தின் மூன்று கூறுகளை விளக்கிற்று. பாவத்தை வெறுத்து வருந்துவது மனஸ்தாபம். குருவிடம் வெளியிடுவது சங்கீர்த்தனம். விளைந்த தீங்கைச் சரிசெய்ய முயல்வது பரிகாரம். இவற்றுக்கு முன்னோடியாக நிற்பது ஆத்துமசோதனை. பத்துக் கற்பனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, 'இதில் நான் எங்கே தவறினேன்?' என்று தனக்குத்தானே கேட்டுப் பார்க்கும் பயிற்சி அது. அண்டிரிக் அடிகளார் சேர்ந்த சேசு சபையின் தந்தையாகிய புனித இஞ்ஞாசியார் இப்பயிற்சியை நாள்தோறும் செய்யுமாறு பணித்தவர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஓயாமல் குற்றத்தையே எண்ணிக்கொண்டிருப்பதால் மனம் சோர்ந்துபோகாதா என்பர் சிலர். திருச்சபையின் போதனை அச்சோர்வுக்கு இடந்தரவில்லை. பழைய ஞானோபதேச நூல்களில் தலையான பாவங்கள் ஏழும், அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஆங்காரத்துக்கு எதிரே தாழ்ச்சி. லோபித்தனத்துக்கு எதிரே உதாரம். மோகத்துக்கு எதிரே கற்பு. கோபத்துக்கு எதிரே பொறுமை. போசனப்பிரியத்துக்கு எதிரே மட்டசனம். காய்மகாரத்துக்கு எதிரே பிறர்சிநேகம். சோம்பலுக்கு எதிரே சுறுசுறுப்பு. களையைக் கண்டறிவது அந்த இடத்தில் பயிரை நடுவதற்காகவே. அப்பயிர் வளரத் தேவையான மழைதான் தேவ இஷ்டப்பிரசாதம். மனித முயற்சியால் நிலத்தை உழலாம். மழையைப் பெய்விக்க இயலாது. ஆதலால் பச்சாத்தாபமும் செபமும் ஒன்றைவிட்டொன்று பிரியா.

மேலும், பரிகாரம் என்பது சில செபங்களைச் சொல்லிவிடுவதோடு தீர்ந்துவிடுவதன்று. அயலான் பொருளைக் கவர்ந்தவன் அதனைத் திருப்பித்தர வேண்டும். அவன் பெயரைக் கெடுத்தவன் இயன்றவரை அதனை மீட்டுத்தர வேண்டும். அந்தரங்கத்தில் தொடங்கும் மனமாற்றம் கடைவீதியிலும் கடற்கரையிலும் கண்ணுக்குப் புலனாக வேண்டும் என்பதே இதன் கருத்து.

காலம் செல்லச்செல்ல இச்சடங்கின் பெயரும் மாறிவந்தது. போர்த்துக்கேய மொழியினின்று வந்த 'கும்பசாரம்' என்னும் சொல்லை மலையாள நாட்டில் வாழும் நம்மவர் இன்றும் அண்டை வீட்டாரிடம் கேட்கலாம். 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் காலந்தொட்டு வடமொழி சார்ந்த சொற்கள் பெருகின. பாவசங்கீர்த்தனம் என்ற பெயர் தமிழில் நிலைபெற்றது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர், 1973ஆம் ஆண்டில் சடங்குமுறை திருத்தி அமைக்கப்பட்டது. இப்போது தமிழில் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று வழங்குகிறோம். பாவத்தை அறிக்கையிடுதல் என்பதோடு, கடவுளோடும் அயலாரோடும் மீண்டும் உறவாகுதல் என்ற பொருளையும் இப்பெயர் நம் முன் நிறுத்துகிறது.

கொச்சியில் அச்சான அப்பழைய நூல் இன்று ஆக்ஸ்போர்டில், போட்லியன் நூலகத்தில் உள்ளது. 'தம்பிரான் வணக்கம்' அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1950களில் தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் தேடி, இத்தகைய முதல் தமிழ் அச்சுநூல்களை அறிஞர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கடல்கடந்து போன ஏடுகளும் நம்மைப்போலவே புலம்பெயர்ந்தவை. ஆயினும் அவை தமிழை விட்டுவிடவில்லை.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நாம், அலுவலகத்தில் ஒரு மொழியும் அங்காடியில் வேறொரு மொழியும் பேசிப் பழகிவிட்டோம். நம் பிள்ளைகளோ பள்ளிமொழியிலேயே சிந்திக்கத் தலைப்படுகின்றனர். உள்ளம் நொந்து இறைவனை நோக்கும் வேளையில், அவர்கள் நாவில் எழும் மொழி எதுவாக இருக்கும்? இரவில் உறங்கப்போகுமுன் கால்நாழிகை அவர்களோடு அமர்ந்து, அன்றைய நாளைத் தமிழில் திரும்பிப் பார்த்து, தமிழிலேயே மன்னிப்புக் கேட்கப் பழக்குவோமாயின், அண்டிரிக் அடிகளாரின் உழைப்புக்கு நாம் செலுத்தும் கைம்மாறு அதுவாகும். அவர் நமக்காகத் தமிழ் கற்றார். நாம் நம் பிள்ளைகளுக்காக அதனைக் காப்போமாக.