நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?

1/ "டாக்டர், பத்து வருஷமா இதே மாத்திரைதான். நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்தணும்?" க்ளினிக்கில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உங்கள் கம்ப்யூட்டரைப் பற்றி நீங்களும் இதையே கேட்டிருப்பீர்கள். இந்தக் கேள்வி ஒரு நாட்டின் மருத்துவமனைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2/ 2001 அக்டோபர் 25. விண்டோஸ் எக்ஸ்பி விற்பனைக்கு வந்தது. பச்சைப் புல்மேடு, நீல வானம், வெள்ளை மேகம்... ஞாபகம் வருதா? நம்மில் பலர் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டதே அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துதான்.

3/ 2007 ஜனவரியில் அடுத்ததாக விஸ்டா வந்தது. பழைய கம்ப்யூட்டர்களில் திணறியது. பலருக்கு பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்யவில்லை. மாறியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து மற்றவர்கள் எக்ஸ்பியை விட்டு நகரவே இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகுமா?

4/ இது சோம்பேறித்தனம் இல்லை, மனித இயல்பு. சாமுவேல்சன், செக்ஹவுசர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1988ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். முன்னால் பல வழிகள் இருந்தாலும், ஏற்கெனவே இருப்பதையே மனசு பிடித்துக்கொள்கிறது. மாறினால் வரும் தொல்லை இன்றைக்கே கண்ணுக்குத் தெரியும். மாறாவிட்டால் வரும் ஆபத்து என்றைக்கோ, யாருக்கோ!

5/ மருத்துவமனைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷின் கோடிக்கணக்கில் விலை. பத்து வருஷத்துக்கு மேல் உழைக்கும். அதை இயக்குவதும் ஒரு கம்ப்யூட்டர்தான். மெஷின் வந்த காலத்து ஆபரேட்டிங் சிஸ்டம்தான் அதில் இருக்கும். தயாரித்த கம்பெனியைக் கேட்காமல் அதில் கை வைக்க முடியாது. ஆக, தயக்கத்துக்கு நியாயமான காரணமும் இருந்தது.

6/ 2014 ஏப்ரல் 8. எக்ஸ்பிக்கு இனி பாதுகாப்பு அப்டேட் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் கதவை மூடியது. பிரிட்டன் அரசு 55 லட்சம் பவுண்டு கொடுத்து, அரசுத் துறைகளுக்கும் என்ஹெச்எஸ் மருத்துவமனைகளுக்கும் சேர்த்து ஒரு வருஷ அவகாசம் வாங்கியது. "அதற்குள் மாறத் திட்டம் போடுங்கள்" என்று மருத்துவமனைகளுக்குக் கடிதமும் போனது.

7/ 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, "300 டாலர் பிட்காயினில் கட்டு" என்று திரையில் மிரட்டியது.

இங்கிலாந்தில் 236 என்ஹெச்எஸ் டிரஸ்ட்களில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. சிகிச்சை, ஆபரேஷன் என்று 19,000க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்பது பிறகு போட்ட கணக்கு. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் இன்னும் தூரமாகப் போக வேண்டியிருந்தது. எமர்ஜென்சியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தூரம் எவ்வளவு பெரிது என்று.

8/ "எல்லாம் அந்தப் பழைய எக்ஸ்பியால்தான்" என்று ஊரே பேசியது. ஆனால் 2017 அக்டோபரில் வந்த அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வேறு கதை சொன்னது. என்ஹெச்எஸ்ஸில் தாக்கப்பட்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 7! அதற்கு அப்போது அப்டேட் வந்துகொண்டுதான் இருந்தது. இந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14லேயே, அதாவது சுமார் இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கையும் போயிருந்தது. போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

9/ நான் சொல்ல வந்தது இதுதான். பெரிய மாற்றத்துக்குத் தயங்குவதில் தப்பில்லை. மாத்திரையை மாற்றும்போது நாங்களும் தயங்குவோம், யோசிப்போம். ஆனால் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பது பழகிவிட்டால் சின்ன விஷயத்துக்கும் தொற்றிக்கொள்ளும். மெஷினை மாற்ற முடியாதவருக்கு நியாயம் உண்டு. ஊசி தயாராக இருந்தும் போட்டுக்கொள்ளாதவருக்கு என்ன நியாயம்?

10/ இது பழங்கதை இல்லை. 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கும் வழக்கமான இலவச ஆதரவு முடிந்தது. உங்கள் வீட்டிலும் கடையிலும் அது ஓடிக்கொண்டிருக்கலாம்.

பதறாதீர்கள். மருந்து மாற்றுவது மாதிரியே செய்யுங்கள்:
- முதலில் ஃபோட்டோ, கணக்கு எல்லாவற்றையும் தனியாக ஒரு காப்பி எடுங்கள்.
- தினமும் எந்தெந்த சாஃப்ட்வேர் தேவை என்று ஒரு தாளில் எழுதுங்கள்.
- அவையும் உங்கள் பிரிண்டரும் புதியதில் ஓடுமா என்று விசாரியுங்கள்.
- அவசர வேலை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து மாறுங்கள்.

மாறும் வரை, வருகிற அப்டேட்டையாவது தள்ளிப் போடாதீர்கள்.

நல்லாத்தானே ஓடுது என்பது உண்மைதான். பிபி உள்ளவரும், ஸ்ட்ரோக் வருகிற நிமிஷம் வரை நன்றாகத்தான் நடந்துகொண்டிருப்பார்.